பாசிட்டிவ் வந்தால் அலர்ஜிதானா? உணவு ஒவ்வாமைப் பரிசோதனைகள் சொல்வதும் சொல்லாததும்

கர்நாடகத்தில் பொதுமக்களிடம் நடத்திய ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் தொடங்கிய 'யூரோபிரிவால்' என்ற உணவு ஒவ்வாமை ஆய்வுத் திட்டத்தின் இந்தியப் பகுதி அது. முதலில் 11,791 பெரியவர்களிடம் கேள்வித்தாள் வழியாக விசாரித்தார்கள். பிறகு 588 பேரிடம் விரிவாகப் பேசி, 24 உணவுகளுக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அவர்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நூற்றுக்கு 26.5 பேருக்கு ஏதாவது ஓர் உணவுக்குப் பாசிட்டிவ். அங்கே அதிகம் புழங்காத உணவுகளுக்குக்கூட பாசிட்டிவ் வந்திருந்தது. ஆனால் ரத்தத்திலும் பாசிட்டிவ், அதே உணவைச் சாப்பிட்டால் உடம்புக்கும் ஏதோ செய்கிறது என்று இரண்டும் பொருந்தியவர்களைக் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 1.2 பேர்தான் தேறினார்கள்.

26.5 எங்கே, 1.2 எங்கே! நம் ஊர் லேப்களில் எடுக்கப்படும் உணவு அலர்ஜி பேனல்களின் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பிள்ளைக்கு அடிக்கடி காணாக்கடி வருகிறது, தோல் தடிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது என்று போனால், ஒரு குழாய் ரத்தத்தை எடுத்துக்கொண்டு, உணவுப் பெயர்களை வரிசையாக அச்சிட்ட ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கிறார்கள். பால், கோதுமை, நிலக்கடலை, துவரம்பருப்பு, தேங்காய், தக்காளி என்று பலவற்றுக்கு எதிரே அதிகம் என்று குறிப்பு. அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்று தெரியாமல் வீடே திகைத்து நிற்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் பெரும்பாலான உணவுகளை அந்தப் பிள்ளை நேற்றுவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கும். இது சாதாரணமாக நடக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதில் பரிசோதனையைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அது எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1921-இல், அன்று ஜெர்மனியில் இருந்த ப்ரெஸ்லாவ் நகரில் இரண்டு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கார்ல் ப்ராஸ்னிட்ஸ் ஒருவர், ஹெய்ன்ஸ் கூஸ்ட்னர் இன்னொருவர். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஆகாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அவருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரத்தைத் தன் வயிற்றுத் தோலில் ஒரு சிறு இடத்தில் ஊசியால் ஏற்றிக்கொண்டார் ப்ராஸ்னிட்ஸ். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார். மீனால் எந்தப் பிரச்சினையும் இல்லாத ப்ராஸ்னிட்ஸின் தோல் அந்த ஓர் இடத்தில் மட்டும் தடித்துச் சிவந்தது. ஆக, ஒவ்வாமையைச் சுமந்து செல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் இருக்கிறது, அது ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மாறவும் செய்கிறது என்று உறுதியானது.

அந்தப் பொருள் எது என்று தெரிய இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி 1966-இல் அதைக் கண்டார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாளி ஒருவரின் ரத்தத்தில் அதே பொருளைத் தனியாகக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒன்றே என்று தெரிந்ததும் 1968-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ஐஜிஇ என்று பெயர் வைத்தது. இன்று தோலில் செய்யும் பரிசோதனையும் சரி, ரத்தத்தில் செய்வதும் சரி, தேடுவது இந்த ஐஜிஇ எதிர்ப்பொருளைத்தான்.

ஐஜிஇ நம் தோலிலும் குடலிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பொருத்தமான உணவுப் புரதம் வந்து இரண்டு மூன்று ஐஜிஇ மூலக்கூறுகளை ஒன்றாகப் பிணைத்தால், செல் தனக்குள் வைத்திருக்கும் ஹிஸ்டமினையும் மற்ற ரசாயனங்களையும் வெளியே கொட்டும். தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிதல் எல்லாம் அதிலிருந்து வருபவை. ஆனால் ஐஜிஇ இருந்தாலே இது நடந்துவிடும் என்று இல்லை. எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது, புரதத்தை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது, வயிற்றில் செரித்த பிறகு அந்தப் புரதம் மிஞ்சுகிறதா, தடுத்து நிற்கும் வேறு எதிர்ப்பொருள்கள் உண்டா என்று பல சங்கதிகள் சேர வேண்டும். வீட்டில் தீப்பெட்டி இருப்பதும் அடுப்பு எரிவதும் ஒன்றல்ல, அதுபோலத்தான். ஐஜிஇ மட்டும் இருக்கும் நிலையை மருத்துவர்கள் சென்சிடைசேஷன் என்பார்கள். சாப்பிட்டால் உடம்பு எதிர்வினை காட்டுவதுதான் அலர்ஜி. பரிசோதனை காட்டுவது முதலாவதை. நாம் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டாவதை.

தோல் பரிசோதனை மிக எளியது. முன்கையின் உட்புறத்தில், சின்னக் குழந்தை என்றால் முதுகில், உணவுச் சாற்றை ஒவ்வொரு சொட்டாக வைத்து, அதன் வழியாகச் சிறு முனையால் தோலின் மேல்பரப்பை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. ஒரு சொட்டு வெறும் உப்புநீர், இன்னொன்று ஹிஸ்டமின். உப்புநீர் வைத்த இடம் தடிக்கக் கூடாது, ஹிஸ்டமின் வைத்த இடம் தடித்தே ஆக வேண்டும். இந்த இரண்டும் சரியாக வராவிட்டால் மற்ற எந்தச் சொட்டின் முடிவையும் நம்ப முடியாது. 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். உப்புநீர் இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். நம்மைப் போன்ற மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் விரலால் தடவிப் பார்த்து, தடிப்பின் விளிம்பைப் பேனாவால் வரைந்து அளக்கும் கை வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் போடும் செட்டிரிசின் மாதிரியான மாத்திரைகளை மருத்துவர் சொல்லும்படி சில நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாமே நெகட்டிவாகத்தான் வரும். பழங்கள், காய்கள் விஷயத்தில் பாட்டிலில் வரும் சாறு பல நேரம் உதவாது, அதிலுள்ள புரதம் சீக்கிரம் சிதைந்துவிடும். அதற்குப் பழத்தையே கொண்டுவரச் சொல்லி, முனையை முதலில் பழத்தில் குத்தி அப்புறம் தோலில் குத்துவார்கள்.

ரத்தப் பரிசோதனை மருந்தை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாதது. உடம்பெங்கும் கரப்பான் (எக்ஸிமா) படர்ந்து தோலில் குத்த இடமில்லாதவர்களுக்கும் இதுதான் வழி. முடிவு ஓர் எண்ணாக வரும். பல லேப்கள் 0.35 யூனிட்டுக்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று போடும். அந்த எண் கூடக்கூட, சாப்பிட்டால் எதிர்வினை வரும் வாய்ப்பும் கூடும் என்பது உண்மை. அமெரிக்காவில் ஹியூ சாம்ப்சன் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், முட்டைக்கு 7, நிலக்கடலைக்கு 14, பாலுக்கு 15 என்ற அளவுகளைத் தாண்டினால் அந்தக் குழந்தைகளுக்கு எதிர்வினை வருவது ஏறக்குறைய 95 சதவீதம் உறுதி என்று கணக்கிட்டார். இவை ஒவ்வாமைச் சந்தேகத்தோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளிடம் எடுத்த எண்கள் என்பதை மறக்கக் கூடாது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் தினமும் பால் குடிக்கும் பிள்ளைக்கு 2 யூனிட் என்று வந்தால் அதற்குப் பொருள் வேறு. நிலக்கடலை கடித்த பத்தாவது நிமிடம் உதடு வீங்கிய பிள்ளைக்கு அதே 2 யூனிட் வந்தால் அது பெரிய எச்சரிக்கை.

இன்னொன்று, இது பலருக்கும் தெரியாதது. தடிப்பின் அளவோ ரத்த எண்ணோ, எதிர்வினை எவ்வளவு கடுமையாக வரும் என்பதைச் சொல்லாது. வருமா வராதா என்ற வாய்ப்பைத்தான் சொல்லும். எண் சின்னது என்று அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது, பெரியது என்று உயிர்பயம் கொள்ளவும் வேண்டியதில்லை.

சரி, சாப்பிடாத உணவுக்கு எப்படிப் பாசிட்டிவ் வருகிறது? இறாலை எடுத்துக்கொள்வோம். இறால் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். கிட்டத்தட்ட அதே வடிவப் புரதம் கரப்பான்பூச்சியிலும் உண்டு, மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சியிலும் உண்டு. தூசிப் பூச்சிக்கு எதிராக உருவான ஐஜிஇ, இறால் புரதத்தையும் தனக்குத் தெரிந்ததாக நினைத்துப் பற்றிக்கொள்ளும். மத விதிப்படி இறாலே சாப்பிடாத யூதர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. தூசிப் பூச்சி ஒவ்வாமை உள்ள சிலருக்கு இறாலுக்கும் ஐஜிஇ இருப்பதை அது காட்டியது. நம் ஊரில் தூசியால் தும்மல், இளைப்பு இல்லாத வீடு குறைவு. அப்படியிருக்க, மூக்கடைப்புக்காகப் போனவர் ரிப்போர்ட்டில் இறால் பாசிட்டிவ் என்று பார்த்துவிட்டு, காலமெல்லாம் விரும்பிச் சாப்பிட்ட இறாலை ஒதுக்கிவைப்பது தேவையில்லாத இழப்பு.

செடிகொடிகளின் புரதங்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும் இதே வேலையைச் செய்யும். மகரந்தத்துக்கு எதிராக உருவான ஐஜிஇ இந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொள்வதால் கோதுமை, கடலை, பருப்பு, காய்கறி என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னப் பாசிட்டிவ் வரும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உடம்பு எதுவுமே செய்யாது. கர்நாடக ஆய்வாளர்களும் மகரந்தங்களுக்கும் உணவுகளுக்கும் இடையே இப்படிக் குறுக்கே பற்றுவதை அதிகமாகக் கண்டார்கள்.

இதைச் சமாளிக்கப் புதிய வகைப் பரிசோதனை வந்திருக்கிறது. முழு உணவுச் சாறுக்குப் பதிலாக, அதிலுள்ள ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனியே ஐஜிஇ பார்ப்பது. நிலக்கடலையில் 'ஆரா எச் 2' என்ற புரதத்துக்குப் பாசிட்டிவ் என்றால் உண்மையான ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகம். முட்டையில் ஓவோமியூகாய்ட் சூட்டைத் தாங்கும் புரதம். அதற்கு ஐஜிஇ குறைவாக இருக்கும் பிள்ளை கேக்கில் வெந்த முட்டையைத் தாங்கிக்கொள்ளலாம். கோதுமையில் ஒமேகா-5 கிளையடின் கதை வேறு. சப்பாத்தி சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, சாப்பிட்டுவிட்டு ஓடினாலோ கடுமையாக உடற்பயிற்சி செய்தாலோ மயங்கி விழும் அளவுக்குப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க அந்தப் புரதம் உதவுகிறது. யாருக்கு எதைப் பார்ப்பது என்று தெரிந்த மருத்துவர் கேட்டால்தான் இந்த வகைப் பரிசோதனைக்கும் பயன்.

ஐஜிஇ சம்பந்தமே இல்லாத தொல்லைகள் எல்லாவற்றையும் இந்தப் பரிசோதனைகள் கோட்டைவிட்டுவிடும். பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு வருவது பெரியவர்களிடம் பெரும்பாலும் பால் சர்க்கரை செரிக்காததால். அதற்கு மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் பரிசோதனை உண்டு. கோதுமையால் வரும் சீலியாக் நோய்க்கு வேறு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதைச் செய்யும்வரை கோதுமையை நிறுத்தவே கூடாது. கைக்குழந்தை ஒரு குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அடுக்கடுக்காக வாந்தியெடுத்து வெளிறிப்போனால், அது குடல் சார்ந்த வேறு வகை ஒவ்வாமையாக இருக்கலாம். அதில் தோல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மீன் விஷயம். சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் போடாவிட்டால், பாக்டீரியா அவற்றின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், தலைவலிக்கும், உடம்பு தடிக்கும். பார்க்க அப்படியே அலர்ஜி. ஒரே குழம்பைச் சாப்பிட்ட வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் வந்ததா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி விளங்கிவிடும். இவர்களுக்கு மீன் அலர்ஜி என்று எழுதிக்கொடுத்தால், நல்ல மீனையும் ஆயுளுக்கும் விட்டுவிடுவார்கள்.

நம் பெரியவர்கள் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கும் கத்திரிக்காயை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2008-இல் வெளிவந்த அந்த ஆய்வில், கத்திரிக்காயால் ஏதோ செய்கிறது என்றவர்கள் பலர், ஐஜிஇ வழி ஒவ்வாமை உறுதியானவர்கள் சிலர்தான். காயிலேயே இருக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் மற்றவர்களின் அரிப்புக்குக் காரணமாக இருக்கலாம். பாட்டி சொன்ன அரிப்பும் உண்மை, லேப் சொன்ன நெகட்டிவும் உண்மை.

ஐஜிஇ அல்லாமல், ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளை அளக்கும் பேனல் விவகாரத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. உணவு சகிப்பின்மை டெஸ்ட் என்ற பெயரில், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஐஜிஜி அல்லது அதன் ஒரு வகையான ஐஜிஜி4 அளந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசித் தருகிறார்கள். ஐஜிஜி என்பது நாம் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம், உடம்பு அதைச் சந்தித்திருக்கிறது என்பதற்கான அடையாளம். பல நேரம் உடம்பு அதைத் தாங்கப் பழகிவிட்டது என்பதற்கும் அடையாளம். அதனால்தான் அடிக்கடி சாப்பிடுவதெல்லாம் சிவப்பில் வரும். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-லேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜி4 பரிசோதனை செய்ய வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அமெரிக்க, கனடிய ஒவ்வாமை மருத்துவ அமைப்புகளின் நிலையும் இதுவே. முடியை அனுப்பினால் அலர்ஜி சொல்வதும், கையில் மின்கருவி பிடித்து அலர்ஜி சொல்வதும் இதே கணக்கில் சேரும். இவற்றுக்குக் கொடுக்கும் பணத்தில் பிள்ளைக்கு நல்ல பழமும் முட்டையும் வாங்கலாம்.

தேவையில்லாமல் உணவை நிறுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்பார்கள். எடையும் வளர்ச்சியும் குறையும், அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. கரப்பான் உள்ள குழந்தை சாப்பிட்டுத் தாங்கிக்கொண்டிருந்த பாலையோ முட்டையையோ ரிப்போர்ட்டை நம்பி நிறுத்திவிட்டு, மாதங்கள் கழித்து மறுபடி கொடுக்கும்போது கடுமையான உடனடி எதிர்வினை வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சாப்பிட்டுக்கொண்டே இருந்ததால்தான் உடம்பு தாங்கியிருக்கிறது. லண்டனில் கிடியான் லாக் குழு 2015-இல் வெளியிட்ட 'லீப்' ஆய்வு இதற்கு இன்னும் வலு சேர்த்தது. கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு நிலக்கடலை கொடுத்தார்கள், மறுபாதிக்குத் தவிர்த்தார்கள். தோல் பரிசோதனையில் ஏற்கெனவே சிறிய தடிப்பு காட்டிய குழந்தைகளில், தவிர்த்தவர்களில் 35.3 சதவீதம் பேருக்கு ஐந்து வயதில் கடலை அலர்ஜி. சாப்பிட்டவர்களில் 10.6 சதவீதம்தான். பரிசோதனை பாசிட்டிவாக இருந்தும், சாப்பிட்டதுதான் காப்பாற்றியிருக்கிறது. மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது இது. பெரிய தடிப்பு காட்டிய குழந்தைகளை ஆய்வில் சேர்க்கவே இல்லை. வீட்டில் நாமே முயன்று பார்க்கக் கூடாத காரியம்.

அப்படியானால் உறுதியாகத் தெரிந்துகொள்வது எப்படி? சாப்பிட வைத்துப் பார்ப்பதுதான். மருத்துவமனையில், அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தேகப்படும் உணவைச் சில மில்லிகிராம் புரத அளவில் தொடங்கி 20, 30 நிமிட இடைவெளியில் கூட்டிக்கொண்டே போய் ஒரு வேளைக்குரிய அளவுவரை கொடுப்பார்கள். அறிகுறி தெரிந்த கணமே நிறுத்துவார்கள். ஆய்வுக்காகச் செய்யும்போது, அந்த உணவு எதில் ஒளிந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. டென்வரில் சார்லஸ் மே 1970-களில் இந்த முறையை உணவு ஒவ்வாமைக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்த ஆலன் பாக் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் 480 குழந்தைகளை மூன்று வயதுவரை கவனித்தார். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று 28 சதவீதக் குழந்தைகளின் பெற்றோர் நினைத்தார்கள். கொடுத்துப் பார்த்தபோது உறுதியானது 8 சதவீதம் மட்டுமே. லேப் மட்டுமல்ல, பெற்றவர்களின் கண்ணும் தவறலாம் என்பதை இது காட்டுகிறது. இந்தப் பரிசோதனைக்கு அரை நாள் பிடிக்கும், பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு பிள்ளை பத்து உணவை ஒதுக்கி வாழ்வதற்கும் ஒன்றை மட்டும் ஒதுக்கி வாழ்வதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அரை நாளில் தெரியும் என்றால், பக்கத்துப் பெரிய ஊருக்குப் போய்வருவதில் தவறே இல்லை.

அதற்கு முன்னால் வருவது பேச்சு. நல்ல ஒவ்வாமை மருத்துவர் ரத்தம் எடுப்பதற்கு முன் நிறையக் கேட்பார். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, முன்பு அதே உணவைச் சாப்பிட்டபோது என்ன ஆனது, அதன் பிறகு சாப்பிட்டதுண்டா, அன்று காய்ச்சல் இருந்ததா, வலி மாத்திரை போட்டதுண்டா, ஓடியாடியதா. ஐஜிஇ ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதே உணவைச் சாப்பிடும்போதெல்லாம் வரும். நேற்று ராத்திரி சாப்பிட்டதற்கு இன்று சாயங்காலம் காணாக்கடி வந்தால் உணவு காரணமாக இருப்பது அரிது. ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வந்துபோகும் காணாக்கடிக்கும் உணவு அலர்ஜி காரணமாக இருப்பது மிகக் குறைவு, அதற்கு உணவுப் பேனல் எடுப்பதே வீண். தடிப்பு வந்ததும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள், பாக்கெட் உணவு என்றால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். இந்தக் கதையைக் கேட்ட பிறகு மருத்துவர் சந்தேகிக்கும் ஒன்றிரண்டு உணவுக்கு மட்டும் பரிசோதனை எழுதுவார். அப்போது வரும் பாசிட்டிவுக்கு எடை உண்டு.

மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்திருந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த உணவை அன்றே நிறுத்திவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் உயிரைக் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி, செட்டிரிசின் மாத்திரை அல்ல.

உறுதியான அலர்ஜியும் எல்லோருக்கும் ஆயுள் தண்டனை இல்லை. பால், முட்டை, கோதுமை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளரத் தானே விலகிவிடும். நிலக்கடலை, முந்திரி, மீன், இறால் ஒவ்வாமைகள் அவ்வளவு எளிதில் போகாது. அதனால் இரண்டு வயதில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பத்து வயதுவரை முட்டையை ஒதுக்கி வைக்கக் கூடாது. ஆண்டுக்கொரு முறையாவது மருத்துவரிடம் காட்டி, ஐஜிஇ இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, இறங்கியிருந்தால் மருத்துவமனையில் முதலில் கேக்கில் வெந்த முட்டையும், அது ஒத்துக்கொண்டால் பிறகு ஆம்லெட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.